ராக்கெட் அப்பா

பொம்மைக் கடையில் இவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். மற்ற அப்பாக்கள் விலைச்சீட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பெட்டியின் முதுகில் உள்ள பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார். கூட வந்த பையன் நாலு அலமாரி தள்ளி, ஜேசிபி பொம்மை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். இவர் கையில் சூரியக் குடும்ப மாடல். முகத்தில் கவலை.

"ஏம்ப்பா, இதுல ஒன்பது கிரகம் இருக்கே?"

"ஆமா சார். நவக்கிரகம்னா ஒன்பதுதானே?"

புளூட்டோவை 2006-லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், நவக்கிரகத்தில் சூரியன், சந்திரன், ராகு, கேது எல்லாம் உண்டு, அது வேறு கணக்கு என்று இவர் விளக்கி முடிப்பதற்குள் கடைக்காரர் வேறு இரண்டு பேருக்குப் பில் போட்டு அனுப்பியிருப்பார். "அப்ப எட்டுக்கு மட்டும் விலை சொல்லுங்க" என்று கடைசியாக ஒரு முயற்சி. "வேணாம்னா அந்தச் சின்ன உருண்டையைக் கழட்டி இங்கயே வச்சிட்டுப் போங்க சார்." புளூட்டோவை அனாதையாக விட்டுவர மனசு வராது. ஒன்பதுக்கும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். பையனுக்கு ஜேசிபி அடுத்த மாசம்.

ஒவ்வொரு அடுக்ககத்திலும் இப்படி ஒருவராவது இருக்கிறார். வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில். வாங்குவதெல்லாம் பையனுக்காகத்தான் என்று யாரும் கேட்காமலே சொல்வார். எங்கள் கட்டிடத்துக்காரர் மூன்றாம் மாடி. நான் இரண்டாம் மாடி. அவர் வீட்டில் விண்கலம் கீழே விழுந்தால் சத்தம் முதலில் எனக்குத்தான் கேட்கும்.

வியாதிக்கு மூலம் தூர்தர்ஷன். எண்பதுகளின் கடைசியில் 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா' என்று ஓர் இந்தித் தொடர் வந்தது. நம்மவருக்கு அப்போது இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாது. விண்வெளிக்குப் போனால் எல்லோரும் பேசுகிற பாஷை அதுதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாராம்.

அவருடைய முதல் ராக்கெட் சிவகாசித் தயாரிப்பு. ஏவுதளம், காலி சோடா பாட்டில். "குச்சி எதுக்கு மாமா?" என்று கேட்டதற்கு, "பாட்டில்ல நிக்கறதுக்குடா" என்றிருக்கிறார் தாய்மாமன். குச்சியே தேவையில்லாமல் நிற்க வைக்கிறேன் பார் என்று அதைப் பாதியாக ஒடித்துவிட்டு இவர் பற்றவைத்தார். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டி போயிற்று. பறக்கிற ராக்கெட் தலைகுப்புறத் திரும்பாமல் பிடித்துவைப்பதே அந்த வால்தான் என்ற விவரம் கல்லூரிக்குப் போன பிறகே தெரிந்தது. வேட்டிக்காரரிடம் போய் அதை விளக்க வேண்டும் என்று இன்றைக்கும் அவருக்கு ஆசை.

கார்ட்டூன் பார்க்க இவர் பக்கத்தில் உட்காருவது பையனுக்குத் தண்டனை. திரையில் எதிரிக் கப்பல் வெடிக்கும். இவர் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுவார். "அங்க காத்தே கிடையாது. சத்தம் எப்படிடா வரும்?" விண்கற்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து பறக்கும் காட்சி வந்தால் மறுபடியும் நிறுத்தம். "நிஜத்துல ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் பல லட்சம் கிலோமீட்டர். கண்ணை மூடிட்டுப் போகலாம்." ஏழு வயசுப் பையன் ஒருநாள் பொறுமையாகச் சொன்னான்: "சத்தம் பிடிக்கலேன்னா மியூட்ல போட்டுக்கோங்கப்பா."

பையன் தூங்கிய பிறகு இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று மெக்சிகோக்காரர்கள் செய்த விளையாட்டு. முழு வடிவில் 2015-இல் வந்தது. பச்சை நிறக் குட்டி மனிதர்களை ராக்கெட்டில் ஏற்றி அனுப்ப வேண்டும். சுடுவது, குத்துவது எதுவும் கிடையாது. எரிபொருள் கணக்குதான் எதிரி. அதில் இவர் கற்றுக்கொண்ட பெரிய வித்தை, சுற்றுப்பாதையில் நமக்கு முன்னால் போகிற கலத்தைப் பிடிக்க வேண்டுமானால் பிரேக் போட வேண்டும் என்பது. வேகத்தைக் குறைத்தால் பாதை தாழும், தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடியும், முந்திவிடலாம். இதை ராத்திரி ஒரு மணிக்கு மனைவியை எழுப்பிச் சொன்னார். "சரிங்க, நாளைக்கு என்னை ஆபீஸ்ல விடும்போது வண்டியில அதைச் செஞ்சு பாக்காதீங்க" என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டின் குலதெய்வம் லெகோ சாட்டர்ன் ராக்கெட். 2017-இல் வந்தது. மொத்தம் 1969 துண்டுகள். ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்த வருஷம் அது என்பதைக் காபி வருவதற்கு முன்பே விருந்தாளியிடம் சொல்லிவிடுவார். பதினோரு ராத்திரி உட்கார்ந்து கட்டினார். பையனுக்கு வாங்கியதுதான். பையன் தொடக்கூடாது, அவ்வளவே.

ஒரு மீட்டர் உயரம். நவராத்திரிக்குக் கொலுப்படி எதிலும் நிற்காததால், கீழே பார்க் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அங்கே வந்தது புதுத் தகராறு. நிஜ ராக்கெட் நூற்றுப்பத்து மீட்டர். இது ஒரு மீட்டர். பக்கத்தில் செட்டியார் பொம்மை ஒரு சாண். "அந்த விகிதத்துல பாத்தா செட்டியார் ஏழு மாடி உயரம்மா. முன்னால பரப்பியிருக்கிற துவரம்பருப்பு ஒவ்வொண்ணும் அம்மிக்கல் சைஸ்!" அவருடைய அம்மா செட்டியாரை நகர்த்த மறுத்துவிட்டார். சுண்டலுக்கு வந்த நாங்கள் எல்லோரும் செட்டியார் கட்சி.

இவர் பொறாமைப்படுகிற ஒரே ஆள், 'டாய் ஸ்டோரி' படத்தில் வரும் பஸ் லைட்இயர். நிலாவுக்குப் போன பஸ் ஆல்ட்ரின் நினைவாகப் பேர் வைத்த பொம்மை. 2008-இல் நிஜமாகவே விண்வெளி நிலையத்துக்குப் போய், ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டு வந்தது. "பிளாஸ்டிக் சார் அது" என்று லிஃப்டில் என்னிடம் சொன்னபோது அவர் குரல் கம்மியது. எனக்கும் ஏதோ மாதிரி ஆகிவிட்டது.

போன கார்த்திகையில் நாமக்கல் பக்கம் ஒரு கல்யாணம். சந்திரயான் கலத்தை இறக்கி ஒத்திகை பார்க்க நிலா மண் மாதிரி வேண்டும் என்று இஸ்ரோ தேடியபோது, அந்த மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைத்தான் உடைத்துப் பொடியாக்கினார்கள். அனார்த்தசைட் என்று பெயர். நிலாவின் மேட்டு நிலமும் அதே ஜாதி. நம்மவர் முகூர்த்தம் முடிந்ததும் காணாமல் போனார். பந்தி முடியும்போது கட்டைப்பை நிறையக் கல்லோடு திரும்பினார். மனைவியின் பட்டுப்புடவை மடியில் போக, பெட்டியில் கல் வந்தது.

நாலு நாள் என் தலைக்கு மேல் சுத்தியல் சத்தம். உடைத்து, இடித்து, சலித்து, பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நிலாவைக் கொட்டினார். அதில் ஓட்ட ஆறு சக்கர ரோவர் வாங்கினார். பாட்டரி முதல் நாளே படுத்துவிட்டது. அன்று சாயங்காலம் பையனுக்கு ஜேசிபி வந்தது. பாட்டி வாங்கித் தந்தது. பையன் நிலாவை வெட்டினான், அள்ளினான், லாரியில் ஏற்றினான். அப்பா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பள்ளத்துக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சாப்பிட வரவில்லை என்று கேள்வி.

மார்கழி முதல் தேதி விடிகாலையில் கோலமாவு டப்பா காலி. பாட்டி பால்கனிக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம், கொஞ்சம் சாம்பல் நிறத்தில். மாவு நன்றாகவே விழுகிறது, கொஞ்சம் நறநற என்று இருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.