ஹாலில் ஒரு கடல்

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் திருவான்மியூர் கடல் தெரியும். காசு கிடையாது, கரண்ட் வேண்டாம். அது போதாதென்று ஹாலில் 200 லிட்டரில் இன்னொரு கடல் வைக்கத் தோன்றிய நாளை என் மனைவி இன்றும் 'அந்த ஞாயித்துக்கிழமை' என்றே குறிப்பிடுகிறாள்.

தொட்டியைக் கொளத்தூரில் வாங்கினேன். "கரையோரத் தண்ணியில சாக்கடை கலந்திருக்கும், எடுக்காதீங்க சார்" என்றார் கடைக்காரர். எங்கள் போர்வெல் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த உப்பை ஆர்.ஓ. மெஷின் வைத்து நீக்கினேன். பிறகு லிட்டருக்கு 35 கிராம் வீதம் 7 கிலோ உப்பை விலைக்கு வாங்கி அதே தண்ணீரில் கொட்டினேன். "வீட்லதான் கல்லுப்பு இருக்கேடா" என்றாள் அம்மா. அதில் கால்சியமும் மெக்னீசியமும் போதாது என்று விளக்கினேன். "அதைப் போட்டுத்தான் உன்னை வளர்த்தேன். இப்பப் புரியுது" என்றாள்.

உடனே மீன் விடக் கூடாதாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாக்க ஒரு கூட்டம் பாக்டீரியா, அதுவும் விஷம் என்பதால் நைட்ரேட்டாக்க இன்னொரு கூட்டம். இரண்டும் தொட்டிக்குள் வைத்த கல்லில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அவர்களுக்குச் சாப்பாடு? ஓர் இறாலைப் போட்டு அழுக விட வேண்டும். தொக்குக்கு வைத்திருந்ததில் ஒன்று போனதைக்கூட மனைவி மன்னித்துவிட்டாள். "அம்மோனியா ஏறிடுச்சு!" என்று நான் துள்ளியதைத்தான் மன்னிக்கவில்லை. பையன் பத்தாவது பாஸானபோது நான் அப்படித் துள்ளவில்லையாம்.

மேல்வீட்டு மாமா வந்து வெறும் தண்ணீரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"மீனெல்லாம் ஒளிஞ்சிண்டிருக்கோ?"

"இன்னும் வரலை மாமா. முதல்ல பாக்டீரியா வரணும்."

காபி சாப்பிடாமலே எழுந்து போனார். இறால் வாசனையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏழாவது வாரம் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. இந்த இனத்தில் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறி அதிகாரம் செய்யும். அது செத்தால் அடுத்த ஆண் பெண்ணாகிவிடும் என்று சொன்னேன். அன்றுதான் மனைவி முதன்முறையாகத் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

தினமும் இரண்டு லிட்டர் ஆவியானது. நானும் விடாமல் உப்புத் தண்ணீரே ஊற்றி வந்தேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். உப்பளங்கள் பிழைப்பதே அதை நம்பித்தான். 1.025 இருக்க வேண்டிய அடர்த்தி பதினாறே நாளில் 1.029. ஹாலில் ஒரு வேதாரண்யமே நடத்தியிருக்கிறேன். மீன்கள் இரண்டும் மூலையில் ஒதுங்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு நல்ல தண்ணீரை ஊற்றி நான்கு நாளில் சரிக்கட்டினேன்.

அப்புறம் மே மாதம். தண்ணீர் 26 டிகிரியில் நிற்க வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலையைக் கேட்டுவிட்டு, படுக்கையறை ஏசியைக் கழற்றி ஹாலில் மாட்டினேன். இப்போது மீன்களின் தயவில் குடும்பமே அங்கே பாய் போட்டுப் படுக்கிறோம்.

போன வாரம் மீன்காரம்மா கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது என்னா வெலை சார்?"

சொன்னேன்.

"ரெண்டுமா?"

"ஒண்ணு."

கூடையில் இருந்த வஞ்சிரத்தை ஒருமுறை பார்த்தார். அன்று முதல் என்னிடம் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூட்டித்தான் சொல்கிறார்.