மௌஸ் பிடித்த கை

கணினித் திரையில் வரும் நோயாளிகளைப் பார்த்தே இருதய வைத்தியம் கற்கிறார்களாமே! அப்படிப் படித்த டாக்டரிடம் நீங்கள் போவீர்களா?
– வாசகர், பட்டர்வொர்த்

தாராளமாக! திரை நோயாளியை நாலு தடவை 'கொன்று' பழகியவர், என்னிடம் நிதானமாக இருப்பாரே!

ஆனால் மௌஸ் பிடித்த கை நாடியும் பிடிக்க வேண்டும். இதயத்தின் வெளிவாசல் கதவான அயோர்ட்டிக் வால்வு கசிந்தால், பாய்ந்த ரத்தத்தில் ஒரு பங்கு இதயத்துக்கே திரும்பும். நாடி துள்ளி எழுந்து சட்டென்று விழும். டப்ளின் டாக்டர் காரிகன் 1832-லேயே எழுதிய சங்கதி. 1996-இல் தொடங்கிய பினாங்கு மருத்துவக் கல்லூரி, மாணவர்களை முதலில் அந்த டப்ளினுக்குத்தான் அனுப்பியது. வார்டுப் பாடம் பிறகு பினாங்கில். எங்கே படித்தாலும், நாடி ஏன் துள்ளுகிறது என்ற காரணம் புரிந்தவருக்கு மனப்பாடம் எதற்கு? நோயாளியின் கையைத் தூக்கிப் பிடித்தாலே பாதி விடை விரலில் தட்டும்!