வெஜ்ஜா, எத்தனை பேர்?

சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரின் சம்பளம் மூன்றாவது கேள்வியில்தான் வரும். முதல் கேள்வி, "நீங்க வெஜ்ஜா?" இரண்டாவது, "மொத்தம் எத்தனை பேர்?" மீன் குழம்பு சாப்பிடுகிறவர் கொடுக்கும் வாடகையை எந்த வங்கியும் வாடை பார்த்துத் திருப்பி அனுப்புவதில்லை. பிறகு ஏன் இந்தக் கேள்வி? சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படும் நாக்கு கண்டுபிடித்த சந்துவழி இது. பதிலில் பிடி கிடைக்காவிட்டால் "சொந்த ஊர்?", "குலதெய்வம் எங்க?" என்று சந்து நீளும். வக்கீல், போலீஸ்காரர், பத்திரிகைக்காரர், கல்யாணமாகாத பையன்கள் ஆகியோர் இவ்வளவு தூரம்கூட வரமுடியாது. "இப்பதான் அட்வான்ஸ் வாங்கினோம்" என்று கேட்டிலேயே முடிந்துவிடும். டூலெட் போர்டு மட்டும் அடுத்த மாதமும் அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியவை இரண்டே: அஞ்சாம் தேதிக்குள் வாடகை வருமா, காலி செய்யச் சொன்னால் போவார்களா? இந்த நேர்காணல் அவை இரண்டையும் தொடுவதே இல்லை.

"கடன் வாங்கிக் கட்டின வீடு, பயம் இருக்காதா?" என்பார்கள். இருக்கும், நியாயமும்கூட. ஆனால் சுவரில் ஆணி அடிப்பார்களே என்ற பயத்துக்குத்தான் பத்து மாத அட்வான்ஸ் கையில் இருக்கிறதே! 2017-ஆம் ஆண்டுத் தமிழக வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றது. கூடவே, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் என்று ஒரு வாலையும் வைத்தது. வாலைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் இன்றும் ஓடுகிறது. காலி செய்ய மாட்டார்களே என்பதுதான் அசல் பயம். 1960-ஆம் ஆண்டுப் பழைய வாடகைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு நரைத்தவர்கள் உண்டு. அதற்கு மருந்தாகத்தான் அந்த 2017 சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது அது. குலதெய்வம்வரை விசாரித்தவர் என்ன செய்கிறார்? முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்குக் கையெழுத்து வாங்கி, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டுகிறார்.

வாடகை வருமா, போவார்களா என்று தெரிய முந்தைய வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டால் போதாதா? போதாது, அவர் தொல்லை தொலைந்தால் சரி என்று "தங்கமான மனுஷங்க" என்பார் என்கிறார்கள். உண்மைதான். தெருமுனை மளிகைக்கடைக்காரரைக் கேட்கலாம். கடன் நோட்டில் யார் பெயருக்கு நேரே எத்தனை மாதமாகக் கோடு விழவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். ஜிபே வந்தபின் அந்த நோட்டும் மெலிந்துவருவது வேறு விஷயம்.

குடிவருகிறவருக்கும் கேட்க ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. "தண்ணி எப்படி சார்?" "கஷ்டமே கிடையாது. நீங்க வெஜ்தானே?" "சுத்த வெஜ் சார்." இரண்டு பக்கமும் ஒரே எடையில் பொய் சொல்லியாயிற்று, சாவி கைமாறுகிறது.