மேயரை வீழ்த்தியது யார்?

கேள்வி: தாமஸ் ஹார்டியின் 'காஸ்டர்பிரிட்ஜ் மேயர்' நாவலில் ஹென்சர்டைக் கவிழ்த்தது விதியா, எதிரியா?

பதில்: இருவருக்கும் அவர் அதிக வேலை வைக்கவில்லை!

1886-இல் வந்த நாவல் அது. குடிபோதையில் மனைவியைச் சந்தையில் 5 கினிக்கு விற்றவர், மறுநாளே 21 ஆண்டுகள் மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து, மேயராகவும் உயர்ந்தார். போதையை விட்டவரால் பொறாமையை விட முடியவில்லை. தன்னிடம் வேலை பார்த்த ஃபார்ஃப்ரேயை ஊர் கொண்டாடியதும் வெளியேற்றினார். அவனை நசுக்க, மழை வந்து அறுவடையைக் கெடுக்குமென்ற ஆரூடத்தை நம்பித் தானியம் வாங்கிக் குவித்தார். வெயில் காய்ந்தது, பதறிப்போய் நஷ்டத்துக்கு விற்றார். பிறகுதான் மழை கொட்டியது.

ஆனாலும் வெறுக்க முடியாத மனிதர். நீதிபதி இருக்கையில் இருந்தபோது, அன்று சந்தையில் இருந்த கிழவி எதிரே நின்று, அவர் மனைவியை விற்ற கதையைப் போட்டுடைத்தாள். மறுத்திருக்கலாம், உண்மைதான் என்றார். சரிவு வேகமெடுத்தது அந்த நேர்மைக்குப் பிறகுதான்.