டீக்கடை பெஞ்சில் ஒரு காடு

போன மாதம் மாதேஸ்வரன் மலைக்குப் போனபோது பாலாற்றுப் பாலத்தைக் கார் தாண்டியதே தெரியவில்லை. மகன் செல்போனைப் பார்த்து "கர்நாடகா வந்தாச்சுப்பா" என்றான். அமாவாசை பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்து வந்து, பாலம் வந்ததும் குதித்திறங்கி ஆற்றில் ஒரு முங்கு போட்டு, ஈரத்துண்டோடு மறுபடி ஏறிக்கொள்வோமே, அந்தச் சுகம் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

1993 ஏப்ரல் 9-ஆம் தேதியோடு எங்களுக்கும் அது நின்றுபோனது. பாலாறு பக்கம், காட்டில் பதுங்கியிருந்த சந்தனக் கடத்தல் வீரப்பனின் ஆட்கள் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். வால்டர் தேவாரத்தின் அதிரடிப்படையும் எல்லைப் பாதுகாப்புப் படையும் கொளத்தூர் சாலையில் வண்டி வண்டியாகப் போக, மேட்டூர் டீக்கடையில் பதினேழு வயதுப் பையன்கள் நாங்கள் காலைப் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் படித்துவிட்டு, பெஞ்சில் சிந்திய டீயை விரலால் இழுத்துப் போர்த்திட்டம் போடுவோம். இந்தக் கோடு காவிரி, இது பாலாறு, இந்த வருக்கித் துண்டு மாதேஸ்வரன் மலை. இந்தப் பக்கம் ஆயிரம் பேர், அந்தப் பக்கம் ஆயிரம் பேர். கொள்ளேகாலத்துக்கு லோடு அடிக்கும் நாமக்கல் டிரைவர் மாமா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"எத்தன பேரு உள்ள போனாலும் அவனுக்கு மொதல்லயே தெரிஞ்சுபோயிரும் மாப்ள. அவனா வெளிய வந்தாத்தான் உண்டு."

அப்படியேதான் நடந்தது, ஆனால் அதற்குப் பதினோரு வருஷம் ஆனது. அதற்குள் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப்போய் 108 நாள் வைத்திருந்ததையும் பார்த்துவிட்டோம். 2004 அக்டோபர் 18 இரவு, கண் சிகிச்சைக்கென்று நம்பி வீரப்பன் ஏறிய ஆம்புலன்ஸே விஜயகுமாரின் அதிரடிப்படை அனுப்பிய வண்டிதான். பாப்பாரப்பட்டி அருகே எல்லாம் முடிந்தது. பட்டுக்கூட்டின் பெயரை அந்தத் திட்டத்துக்கு வைத்திருந்தார்கள். பட்டுக்கூடு ஏலம் நடக்கும் தர்மபுரிச் சீமைக்குப் பொருத்தமான பெயர்.

இன்றைக்கு மகனின் செல்போனில் அந்தக் காட்டின் ஒற்றையடிப் பாதைகூடத் தெரிகிறது, மலையோரத்துச் சிற்றூர்களும் பெயரோடு தெரிகின்றன. எங்கள் டீ வரைபடத்தில் ஆறு இருந்தது, மலை இருந்தது. ஊர் ஒன்றுகூட இல்லை. வேட்டையின் பெயரால் நடந்த கொடுமைகளுக்காக 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் தரச் சொன்ன செய்தியைப் படித்த அன்று, நெல்லிக்காய்க் கூடையோடு அந்த டீக்கடைக்கு வரும் பாட்டி நினைவுக்கு வந்தார். 1993-இல் ஒரு மாதம் அவரைக் காணோம். திரும்பி வந்தபோது கூடை இல்லை. மகனை விசாரணைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்றார். நாங்கள் வாயடைத்து நகர்ந்து இடம் விட்டோம். பெஞ்சில் காயாமல் கிடந்த எங்கள் காவிரியை முந்தானையால் துடைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார்.