சிவப்பு தெரியாத பிலிமும் செம்மண்ணுக்கு வந்த பேராண்டியும்

வாடா பேராண்டி. கழுத்துல கேமரா, முதுகுல மூட்டை, கையில மூணுகால் ஸ்டாண்டு. நீ தெருவுல நடந்து வந்த வரத்தைப் பார்த்துட்டு, நிலம் அளக்க சர்வேயர் வந்துட்டாருன்னு ரெண்டு பேர் பட்டாவைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க. போய் சமாதானம் சொல்லிட்டு வா, அப்புறம் பேசலாம்.

சரி, உக்காரு. என்ன பிலிமுன்னு சொன்ன? ஆர்த்தோகுரோமாட்டிக். அட, வாய் நிறைய இருக்கே! விலையும் கை நிறைய இருந்திருக்கும். ஒரு ரோலு காசுக்கு ஒரு சிப்பம் பொன்னி அரிசி வாங்கியிருந்தா உன் பாட்டி உன்னைத் திட்டாமலாவது இருந்திருப்பா. பரவாயில்ல. படிச்ச பிள்ளை, சென்னையில சம்பாதிக்கிற, கண்ணு தெரியாத பிலிமைக் காசு குடுத்து வாங்குற தகுதி உனக்கு இருக்கு.

முறைக்காதே. செங்கல்பட்டு ஸ்டூடியோவுல அரை டிராயர் போட்டுக்கிட்டு டார்க் ரூம்ல தட்டு ஆட்டினவன் நான். அந்தப் பிலிமுக்கு நீலம் தெரியும், பச்சை தெரியும். சிவப்பு மட்டும் தெரியாது. அதனாலதான் சிவப்பு பல்பைப் போட்டுக்கிட்டு அதைக் கையில பிடிச்சுக் கழுவ முடிஞ்சுது. அதுக்கும் முன்னாடி இருந்த பிளேட்டுக்கு நீலம் ஒண்ணுதான் நல்லாத் தெரியும். பெர்லின்ல வோகல்னு ஒரு வாத்தியார் 1873ல சாயத்தைக் கலந்து பார்த்தப்பதான் பச்சைக்கும் கண்ணு திறந்துச்சு. பின்னாடி எல்லா நிறமும் தெரியுற பான்குரோமாட்டிக் வந்துச்சு. கோடாக் கம்பெனி 1931ல இருந்து வித்துக்கிட்டிருந்த வெரிகுரோம் ஆர்த்தோ ஜாதிதான். அதுவே 1956ல 'பான்'னு மாறிடுச்சு. எல்லாரும் கண்ணாஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தப்புறம், 2019 கடைசியில இல்ஃபோர்டுக்காரன் ஆர்த்தோ பிளஸ்னு பழைய கண்ணையே புது டப்பியில போட்டு விக்கிறான். நீயும் வரிசையில நின்னு வாங்கியிருக்கே. வியாபாரம்னா அது!

உள்ளே போய் உன் பாட்டி கல்யாணப் படத்தை எடுத்துட்டு வா. எங்க முதலாளி கையில மிஞ்சியிருந்த ஆர்த்தோவுல எடுத்தது. நெத்தியைப் பாரு, குங்குமம் கரிப்பொட்டா விழுந்திருக்கு. அரக்குச் சேலை சாவு வீட்டுக் கருப்பு. பக்கத்துல நிக்கிற அவ தங்கச்சி கட்டியிருக்கிறது நல்ல நீலப் பாவாடை, படத்துல வெளுத்துக் கிடக்கு. வெத்தலை போட்டு சிவந்த வாய், கரியைத் தின்ன வாயா தெரியுது. ரீடச் பண்றவரு நெகட்டிவுல பென்சிலை வச்சு ஒரு ராத்திரி முழுக்க அந்த உதட்டைத் தேத்தினாரு. நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்துல ஊமைப்படம் எடுத்த காலத்துல சினிமாப் பிலிமும் இந்த ஜாதிதான். நடிகருங்க மூஞ்சிக்கு என்ன பூசினா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுத்தான் பூசணும்.

இப்ப உன் திட்டத்தைச் சொல்லு. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து, மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் பின்னாடி சூரியன் செக்கச்செவேல்னு வர்றப்போ 'க்ளிக்'. ஆகா! சிவப்பே தெரியாத பிலிமுக்குச் சூரியோதயம். சர்க்கரை வியாதிக்காரனைப் பந்தியில உக்கார வச்சு இலை நிறைய ஜாங்கிரி வைக்கிற கதை. வைக்கிறவனுக்கு சந்தோஷம், தின்ன வேண்டியவன் கையைக் கழுவிக்கிட்டு எழுந்திருவான்.

அந்த மீட்டரையும் நம்பாதே. மீட்டருக்கு சிவப்பு தெரியும். விடிகாலை வெளிச்சத்துல பாதிக்கு மேல சிவப்பும் மஞ்சளும்தான். மீட்டர் அதையும் சேர்த்துக் கூட்டிட்டு 'வெளிச்சம் போதும்'னு சொல்லும். பிலிமு அந்தக் கணக்கை ஒத்துக்காது. உன் டப்பியிலயே எழுதியிருக்குமே, பகல் வெளிச்சத்துக்கு 80, குண்டு பல்பு வெளிச்சத்துக்கு 40. மஞ்சளைக் கண்டாலே வேகம் பாதியாயிடுது. விடியல்ல எடுத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னா, மீட்டர் சொல்றதுக்கு மேல ஒரு ஸ்டாப், வெளிச்சம் ரொம்பச் சிவந்திருந்தா ரெண்டு ஸ்டாப் குடு. அதோட, அந்நேரம் நீ நிக்கிற பக்கம் கோயிலுக்கு முதுகுப் பக்கம். வெயில் விழறது கடலைப் பார்த்த பக்கத்துல. பல்லவ ராஜா ராஜசிம்மன் 8ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டுறப்போ உன் கேமராவை நினைச்சுக் கட்டல.

அப்புறம் வானம். நம்ம கடற்கரையில நல்ல வெயில் நாள்ல வானம் நீலம், கடலும் நீலம். இந்தப் பிலிமுக்கு ரெண்டும் வெள்ளை. உப்புக்காத்து மங்கல் வேற நீலத்தைத்தான் அள்ளித் தெளிக்கும். கடல் எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிண்டுல நீயே விரலை வச்சுத் தேடணும். லின்னேயஸ் டிரைப்னு ஒரு வெள்ளைக்கார கேப்டன். மெட்ராஸ் சர்க்காருக்குப் போட்டோகிராபர். 1858ல மதுரை, தஞ்சாவூர், திருச்சின்னு கோயில் கோயிலாச் சுத்தினவரு. அவரோட காகித நெகட்டிவுக்கு நீலம்தான் தெரியும், வானம் வெறுங்காகிதமா வந்துச்சு. என்ன பண்ணாரு தெரியுமா? நெகட்டிவுல மேகத்தைக் கையாலயே வரைஞ்சு விட்டுட்டாரு. இன்னிக்கு நீங்க கம்ப்யூட்டர்ல மேகம் ஒட்டுறதை ஏதோ புதுசாக் கண்டுபிடிச்சதா பேசிக்கிறீங்க.

உனக்குப் பிரஷ் வேண்டாம், மஞ்சள் ஃபில்டர் போதும். நீலத்தைக் கொஞ்சம் தடுக்கும், வானத்துக்கு லேசா நிறம் வரும். ஆனா பான் பிலிமுக்கு ஒரு ஸ்டாப் கேக்குற ஃபில்டர், இதுக்கு ரெண்டு வரைக்கும் கேக்கும். அது என்ன பையில? சிவப்பு ஃபில்டரா? சபாஷ்! அதை மாட்டினா லென்ஸ் மூடியைக் கழட்டாம எடுத்ததும் இதுவும் ஒண்ணுதான். கடையில போய்த் திருப்பிக் குடுத்துடு. கடைக்காரன் சிரிச்சா நீயும் கூடச் சேர்ந்து சிரிச்சிடு.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. இந்தப் பிலிமுக்கு ஏத்த வேலை நம்ம பக்கத்துல நிறைய இருக்கு. அதே மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறைக்குப் போ. விடியல்ல போகாதே, பதினொரு மணிக்குப் போ. அந்தப் பாறை கிழக்கைப் பார்த்து நிக்குது. காலையில வெயில் நேரா மோதி எல்லாத்தையும் தட்டையாக்கிடும். உச்சிக்கு ஏற ஏற வெயில் மேலயிருந்து பாறையை உரசிக்கிட்டு இறங்கும். ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே ஒரு நிழல் கோடு விழும். அந்நேரத்து வெளிச்சம் வெள்ளை வெளிச்சம், பிலிமு நல்லா முழிச்சிருக்கும். நிழலுக்குள்ள வர்றது வானத்து நீல வெளிச்சம். மத்த பிலிமு அங்க இருட்டைப் பார்க்கும், இது உள்ளே இருக்கிறதைப் பார்க்கும். பெரிய யானைக்கு எதிர்ல கையைத் தூக்கித் தவம் பண்ணுற பூனை இருக்கு, எலிங்க கும்பிட்டுக்கிட்டு நிக்கும். அதை நல்லா உத்துப் பாரு. எங்கியோ பார்த்த ஆள்னு தோணும். உன் ஆபீஸ்லயே இருக்கலாம்.

ஸ்டாண்டை மட்டும் இங்கயே வச்சுட்டுப் போ. அங்க அதை நிறுத்தணும்னா தொல்லியல் துறை அனுமதி வேணும். வாட்ச்மேன் உன்னையும் சர்வேயர்னு நினைப்பான்னு கனவு காணாதே. பளிச்சுனு வெயில்ல எஃப் 16ல வச்சு 60ல அடிச்சா கைப்பிடியிலயே நிக்கும்.

வெண்ணெய் உருண்டைக் கல்லுக்கு வெள்ளை வானம் ஒரு வரப்பிரசாதம். இருபது அடி உயரக் கல்லு, சரிவுல எந்தப் பிடிமானமும் இல்லாத மாதிரி உக்காந்திருக்கு. பின்னாடி வானம் வெறும் வெள்ளையானா கல்லு மட்டும்தான் மிச்சம். அதுக்குக் கீழே நின்னு தாங்கிப் பிடிக்கிற போஸை மட்டும் எடுக்காதே. அதை எடுக்காதவன் இந்த ஜில்லாவுலயே இல்ல. மீன்பிடி படகைப் பாரு. நீல உடம்புல சிவப்புப் பட்டை அடிச்ச ஃபைபர் படகா இருந்தா, படத்துல வெள்ளை உடம்பு, கருப்புப் பட்டை. நம்ம கோயில் மதில்ல அடிச்ச காவிப் பட்டையும் அப்படியே. காவி கருப்பாகும், வெள்ளை வெள்ளையாவே நிக்கும். பான் பிலிமுல எடுத்தா காவி சாம்பலா வெளுத்து வெள்ளைக்குக் கொஞ்சம் கிட்ட வந்துடும்.

கடற்கரைதான் ஊருன்னு நினைக்காம இந்தப் பக்கமும் திரும்பிப் பாரு. செம்மண் வண்டித்தடம் இருட்டாப் போகும், பக்கத்துல நெல்லுப் பயிர் வெளிச்சமா நிக்கும். கண்ணால பார்க்கிறதுக்கு நேர் தலைகீழ். இதைத்தான் நீ காசு குடுத்து வாங்கியிருக்கே, பேராண்டி, அதைத்தான் எடுக்கணும். ஐப்பசி, கார்த்திகையில வா. மழை மேகம் நீலம் இல்ல, சாம்பல். ஒரு மேகத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பிலிமுக்கு நல்லாத் தெரியும். கொளவாய் ஏரி நிறைஞ்சு, ரயில் பாதை ஓரம் தண்ணி தளும்பிக்கிட்டு, மேலே மேகம் அடுக்கடுக்கா. ஃபில்டரே வேண்டாம். நீயோ சித்திரை வெயில்ல வந்து நிக்கிறே. லீவு கிடைச்சப்போ வந்தேங்கிற. மேகத்துக்கு உன் ஹெச்.ஆரைத் தெரியாதே.

ஒரு காலத்துல நம்ம ஊட்டியிலயே பிலிமு பண்ணாங்க. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960ல ஆரம்பிச்சு 1967ல இருந்து உற்பத்தி. 'இந்து'ன்னு பேரு. பேப்பரு, எக்ஸ்ரே பிலிமு எல்லாம் வரும். இப்ப ஃபேக்டரி மூடிக் கிடக்கு, நீ சீமையில இருந்து வாங்குறே. பெரிய கேமரா வச்சிருக்கிற உன் கூட்டாளி யாராவது இருந்தா ஒண்ணு சொல்லு. ஆஸ்பத்திரியில போடுற பச்சை ஒளிக்கான எக்ஸ்ரே பிலிமும் ஆர்த்தோதான், விலை ரொம்பக் கம்மி. ரெண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும். நகம் பட்டாலே கீறல், அவ்வளவுதான் தொல்லை.

கழுவுறதை லேபுக்குக் குடுக்காதே. சிவப்பு பல்புல இந்த நெகட்டிவைக் கையிலயே கழுவலாம்னு சொன்னேனே, அந்தச் சுகத்துக்குத்தான் இத்தனை பாடும். தட்டுல மருந்துக்குள்ள மெதுவா ஆட்டிக்கிட்டே இரு. முதல்ல வானம் கருக்கும், அப்புறம் பயிரு. செம்மண் இருக்கிற இடம் கடைசி வரைக்கும் வெளுத்தே கிடக்கும். போதும்னு உன் கண்ணு சொல்றப்போ எடுத்துடலாம். ரோலு பிலிமானா ஸ்பைரல்ல சுத்துறப்போ என்ன பண்றோம்னு பார்த்துக்கிட்டே சுத்தலாம். இருட்டுல தடவிக்கிட்டு சாமி பேரைச் சொல்ல வேண்டியதில்ல.

மருந்து 20 டிகிரியில இருக்கணும். நம்ம குழாய்த் தண்ணி சித்திரையில 30க்கு மேல கொதிக்குது. மண்பானைத் தண்ணி கொஞ்சம் தேவலாம், ஆனா அதுவும் பத்தாது. ஐஸை பிளாஸ்டிக் பையில கட்டி மருந்துப் பாட்டிலுக்கு வெளியே போடணும், உள்ளே போடக் கூடாது. ஐஸ்ல வேகமாக் குளிர வச்சு, அப்புறம் சூடான தண்ணியில அலசினா மருந்துப் பூச்சு சுருங்கிப் போய் வெடிப்பு விடும். எல்லாத் தண்ணியும் ஒரே சூடா இருக்கட்டும். அலசுறதுக்கும்தான்.

சிவப்பு பல்பு என்கிட்ட இருக்கு, இன்னும் எரியுது. வர்றப்போ பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரெண்டு கிலோ ஐஸ் வாங்கிட்டு வா. பாட்டிக்கு வெத்தலை பாக்கும். காசை என்கிட்ட கேக்காதே.