ஏழுக்கு நாலு என்னும் பெருந்தன்மை

வெளிநாட்டுத் தொழிலாளியை எப்படி வரவழைப்பது, எப்படி வைத்துக்கொள்வது, எப்படி வழியனுப்புவது என்று உலகத்து அரசாங்கங்கள் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கின்றன. பாவம், அவர்கள் இலங்கை மலையகத்தின் வலப்பனைப் பக்கம் வந்து பார்த்ததில்லை. ராகலை, ஹைபொரஸ்ட், உடப்புசல்லாவ என்று எந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் விசாரித்தாலும், பாட்டன் பூட்டன் காலத்திலேயே எல்லாம் தீர்த்துவைக்கப்பட்ட கதையைச் சொல்வார்கள்.

முதலில் வரவேற்பு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு ஆள் தேவை. ஆள் சேர்க்கும் கங்காணி தென்னிந்தியாவிலிருந்த தம் ஊருக்குப் போனார். வருகிறவருக்கு வழிச்செலவு கடன், சாப்பாடு கடன், கம்பளி கடன். கையில் காசில்லாதவனைக் கடல் தாண்டிக் கூட்டிவந்து, மலை ஏறுமுன்பே அவனுக்குக் கடன்காரன் என்ற அந்தஸ்தைக் கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு நவீனமாயிற்று. தோட்டத்தின் எண் பொறித்த சின்னத் தகர வில்லை ஒன்று. கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதும். பேரைக் கேட்டு யாரும் தொந்தரவு செய்யத் தேவையில்லை. செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். அங்கிருந்து ஆளின் தலையில் இறங்கும். பின்னாளில், கப்பலேறுமுன் தமிழ்நாட்டுக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் துணியை அவித்து, உடம்பை மருந்துத் தண்ணீரில் நனைத்து அனுப்பினார்கள். இன்றைக்கு எந்த விமான நிலையத்தில் இவ்வளவு உபசாரம்?

தொழிலாளி ஒரே இடத்தில் நிலைத்து நிற்கவேண்டுமென்று இப்போது விசாவிலேயே முதலாளியின் பேரைச் சேர்த்துவிடுகிறார்கள். எங்களுக்குத் துண்டு இருந்தது. இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, கட்டுகிறவர் கூட்டிப்போகலாம் என்று தோட்டத்தில் எழுதிக்கொடுக்கும் காகிதம். ஆளை விற்கவுமில்லை, வாங்கவுமில்லை, கடனைத்தான் கைமாற்றினார்கள். இந்த நுட்பம் விளங்காதவர்கள் குறைசொல்லிச் சொல்லி, 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தேவிட்டார்கள்.

குடும்ப விஷயத்திலும் எங்கள் துரைமார் கல்நெஞ்சர்கள் அல்ல. பராமரிப்பு வேலைக்கு வருகிறவர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாதென்று பிரித்தானியா 2024 மார்ச்சில் விதி போட்டது. இங்கே அப்படியா? புருஷனுக்குக் கவ்வாத்து, பெண்சாதிக்குக் கொழுந்து, பிள்ளைக்குப் புல்லுப் பிடுங்கல். எல்லோருக்கும் சேர்த்து லயத்தில் ஒரு காம்பரா.

ஆனால் சட்டத்தின் அழகைப் பார்க்க 1948க்கு வரவேண்டும். சுதந்திரம் கிடைத்த வருஷம் முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவரா? மிக்க மகிழ்ச்சி. தகப்பனும் இங்கே பிறந்ததற்குச் சான்று இருக்கிறதா? இல்லையென்றால் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் இருந்தாலும் சரி. லயத்துக் காம்பராவில் ஆவணக் காப்பகம் வைத்துக்கொள்ளாதது எங்கள் பிழைதான். அதே சட்டம் தாராளமாக இன்னொரு கதவையும் திறந்து வைத்தது. தொழில், வணிகம், விவசாயம் போன்ற துறைகளில் சிறந்து விளங்குகிறவர்களை வருஷத்துக்கு 25 பேர் வரை பிரஜைகளாகச் சேர்த்துக்கொள்ளலாம். காட்டை வெட்டி மலையெல்லாம் தேயிலையாக்கியது விவசாயத்தில் சேராது போலிருக்கிறது.

அடுத்த வருஷம் இரண்டாவது சட்டம். 1946 ஜனவரிக்கு முன் கலியாணமானவர் 7 வருஷம், மற்றவர் 10 வருஷம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். போதிய வருமானத்தையும் காட்டவேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேர் தேறினார்கள். பரீட்சை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்! தேறாதவர்களுக்கு வாக்குப் போடும் சிரமமும் இல்லாமல் போயிற்று. 1947இல் நுவரெலியாவிலிருந்து தொழிற்சங்கத் தலைவர் தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஜனங்கள், 1952 தேர்தலின்போது கொழுந்துக் கூடையோடு நிம்மதியாக மலைக்குப் போனார்கள்.

மிச்சமிருந்தவர்களை 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று 1,50,000. ஆளைக் கேட்டால் பேச்சு நீளுமென்று கேட்காமலே விட்டது எத்தனை பெரிய உதவி! ஏழு பேர் கப்பலேறினால் இங்கே நாலு பேருக்குப் பிரஜாவுரிமை. அண்ணன் போனால்தான் தம்பிக்கு இடம் என்று குடும்பப் பாசத்தைக் கணக்காக்கிய சட்டம் வேறெங்கே உண்டு? அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தார்கள். மலையிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். இங்கே இந்தியாக்காரனாக இருந்தவன் அங்கே நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இறங்கியதும் சிலோன்காரனானான். ஒரு டிக்கெட்டில் இரண்டு நாட்டுக்கும் அந்நியனாகும் வசதி.

முதலாளிமாரையும் கைவிடவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தபோது பிரித்தானியக் கம்பனிகளுக்கு நட்டஈடு உண்டு. தேயிலைக்கு விலை பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதை நட்டவரின் பேரப்பிள்ளை எந்த நாட்டுக்காரர் என்ற ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சி அவசரப்படவில்லை, பிரஜாவுரிமை கிடைக்காமல் விடுபட்டிருந்தவர்களுக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. 55 வருஷம் பொறுமையாக யோசித்திருக்கிறார்கள்.

இப்போது இந்த லயத்துப் பிள்ளைகள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகிறார்கள். அங்கேயும் முதலாளி பேரில்தான் விசா, போகுமுன்பே கடன். அவர்களுக்குப் புதிதாகப் பயிற்சி எதுவும் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தில் முன் அனுபவம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் நாலு தலைமுறை என்று எழுத அனுமதித்தால் நல்லது.